பூட்டிய அறையும் ஒரு கையெழுத்தும்: மர்மம் கலந்த சரித்திரக் காதல் நாவல்கள் நம்மை ஏன் விடுவதில்லை?

குடமுருட்டிக்கரை வாசகி

அனைவருக்கும் வணக்கம். ஒரு பழைய மாளிகை, அதற்குள் புதிதாக அடியெடுத்து வைக்கும் ஒரு பெண், அவளை நேசிக்கின்ற அல்லது நேசிப்பதாகச் சொல்கின்ற ஓர் ஆண், அந்த வீட்டில் எவரும் வாய்விட்டுப் பேசாத ஒரு சாவு. இந்த நான்கும் சேர்ந்து, கதை நடக்கும் காலமும் முந்தியதாக இருந்துவிட்டால், கடைசிப் பக்கத்தை எட்டாமல் என்னால் விளக்கை அணைக்க முடிவதில்லை. ஆங்கிலத்தில் இவற்றைக் காதிக் நாவல்கள் என்கிறார்கள். தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், இவற்றைப் பள்ளி நாட்களிலிருந்தே ஒருவிதக் கூச்சத்துடன் படித்து வந்திருக்கிறேன். இப்போது அந்தக் கூச்சம் இல்லை. இத்தகைய நாவல்களின் ஈர்ப்பு என்னவென்று கேட்டால், "பயமும் ஒரு சுவைதான்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்த விடை எனக்குப் போதவில்லை. பேய்க்கதையிலும் பயம் இருக்கிறது. ஆனால் எந்தப் பேய்க்கதையையும் நான் இரண்டாம் முறை எடுத்துப் படித்ததில்லை.

என் எண்ணம் இது. இந்த நாவல்களின் நடுவில் பேய்க்குப் பதிலாக ஒரு பத்திரம் இருக்கிறது. வில்லன் கதாநாயகியிடம் எல்லாவற்றுக்கும் மேலாக விரும்புவது அவளுடைய கையெழுத்தை.

இந்த வகையின் முதல் நூலாகக் கருதப்படும் ஹோரஸ் வால்போலின் 'ஒட்ரான்டோ கோட்டை' 1764-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. வானிலிருந்து விழும் மாபெரும் தலைக்கவசம், ஓவியத்திலிருந்து இறங்கி நடக்கும் முன்னோர் என்று அதில் அதிசயங்கள் நிறைய உண்டு. ஆனாலும் அவ்வளவுக்கும் காரணம், அந்தக் கோட்டை உரியவனிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதே. முப்பது ஆண்டுகள் கழித்து, 1794-இல், ஆன் ராட்கிளிஃப் எழுதிய 'உடால்ஃபோவின் மர்மங்கள்' இதை இன்னும் வெளிப்படையாக்குகிறது. கதை 1584-இல் தொடங்குகிறது. எமிலி என்ற அநாதைப் பெண் தன் அத்தையுடன் இத்தாலிய மலைக்கோட்டை ஒன்றுக்குக் கொண்டு செல்லப்படுகிறாள். அத்தையை மணந்த மான்டோனி, அவளுடைய சொத்துகளை எழுதி வாங்குவதற்காக அவளை அடைத்து வைக்கிறான். அவள் இணங்காமலே இறந்துபோன பிறகு அதே காகிதத்தை எமிலியிடம் நீட்டுகிறான். கறுப்புத் திரைக்குப் பின்னால் எமிலி கண்டு மயங்கி விழும் உருவம் வெறும் மெழுகுப் பொம்மை என்று இறுதியில் தெரிந்துவிடுகிறது. காகிதமோ மெழுகு அல்ல; கதை நெடுக உண்மையான ஆபத்து அது ஒன்றுதான்.

வில்கி காலின்ஸ் 1859-லும் 1860-லும் தொடராக எழுதிய 'வெள்ளுடைப் பெண்' நாவலில் ஒரு காட்சி வருகிறது. கணவன் ஒரு பத்திரத்தை மடித்து, கையெழுத்திட வேண்டிய இடம் மட்டும் தெரியும்படி மனைவியின் முன் வைக்கிறான். என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்கிறாள். அவன் பத்திரத்தை விரித்துக் காட்ட மறுக்கிறான். கொலையில்லை, ரத்தமில்லை, இருட்டுக்கூட இல்லை. பட்டப்பகலில் நான்கு பேர் பார்க்க நடக்கும் அந்தக் காட்சியைப் படித்தபோது என் கை சில்லிட்டுப் போனது.

கதை முந்தைய காலத்தில் நடக்க வேண்டியதன் அவசியமும் இங்கேதான் இருக்கிறது. இங்கிலாந்தில் மணமான பெண்ணின் உடைமையைக் கணவனே ஆள்வது என்ற நிலை 1870, 1882 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பிறகே மாறியது. அதற்கு முன் ஒருவனுக்குச் சம்மதம் சொல்வதென்பது, திரும்பப் பெற முடியாத ஒரு பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு ஒப்பானது. ஆகவே, அவன் நல்லவனா என்று துப்பறிவது அவளுக்குக் காதலின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. மர்மத்தையும் காதலையும் இந்த நாவல்கள் செயற்கையாக ஒட்டவில்லை. அந்தக் காலத்துப் பெண்ணுக்கு அவை இரண்டும் ஒரே கேள்வியாக இருந்தன.

இதை நான் நூல்களில் மட்டும் கற்கவில்லை. எங்கள் வீடு குடமுருட்டிக் கரையில் நான்கு கட்டு வீடு. கூடத்தை ஒட்டிய காமரா அறையில் இரும்புப் பெட்டி இருந்தது. அதன் சாவி பெண்களிடம் ஒருபோதும் இருந்ததில்லை. இரண்டாங்கட்டில், பத்தாயத்துக்குப் பின்னால் இருந்த சிற்றறையில் என் சின்னப்பாட்டி வாழ்ந்தார். 1951-இல், தம் இருபத்தாறாம் வயதில் கணவரை இழந்தவர். வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, கும்பகோணத்தில் பைண்டு செய்து வாங்கி, ஒவ்வொரு தொகுதியின் முதற்பக்கத்திலும் நீல மையில் தம் பெயரையும், பைண்டு செய்த மாதத்தையும் எழுதி வைப்பார். பெயரின் கடைசி எழுத்துக்கு நீண்ட வால் இருக்கும். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். நான் பத்து வயதை எட்டுவதற்குள் இறந்துபோனார். என் தந்தையின் மறைவுக்குப் பிறகு இரும்புப் பெட்டியைத் திறந்தபோது, சின்னப்பாட்டி தம் பங்கு நிலத்தை விட்டுக் கொடுத்து எழுதிய 1956-ஆம் ஆண்டு விடுதலைப் பத்திரம் கிடைத்தது. அதில் அவருடைய கையெழுத்து இல்லை. இடது கைப் பெருவிரல் ரேகை இருந்தது.

இந்த நாவல்களை நான் ஏன் மறுபடி மறுபடி படிக்கிறேன் என்பதற்கு என்னிடம் இருக்கும் விடை இதுதான். உங்கள் விடைகளை அறிய விரும்புகிறேன்.

வடுவூர் ஏரிக்கரை

அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். கையெழுத்து என்ற கருத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். அதோடு, இந்த நாவல்கள் நம் வட்டாரத்துக்கு வந்து சேர்ந்த வழியையும் இங்கே பதிவு செய்வது நல்லது.

காதிக் என்ற பெயரை அறியாமலே நம் பாட்டிமார்கள் அதைப் படித்திருக்கிறார்கள். 1844 முதல் லண்டனில் வாராவாரம் ஒரு பென்னி விலைக்கு வெளிவந்த 'லண்டன் மர்மங்க'ளை எழுதிய ஜி. டபிள்யூ. எம். ரெனால்ட்ஸ், இங்கிலாந்தில் மறக்கப்பட்ட பிறகும் இந்தியாவில் நெடுங்காலம் படிக்கப்பட்டார். இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் ஆரணி குப்புசாமி முதலியாரும், எங்கள் ஊர்க்காரரான வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ரெனால்ட்ஸ் போன்றோரின் கதைகளைத் தழுவித் தமிழில் எழுதியபோது, சுரங்கப்பாதையும், மாறுவேடமும், காணாமற்போன உயிலும், சிறைவைக்கப்பட்ட பெண்ணும் மன்னார்குடிக்கும் கும்பகோணத்துக்கும் குடியேறினார்கள். அந்நியமாகத் தோன்ற வேண்டிய அந்தச் சரக்கு இங்கே ஏன் உடனே வேர்பிடித்தது என்பதற்கு உங்கள் பதிவு விடை தருகிறது. உயில் வழக்கும் சுவீகார வழக்கும் இல்லாத மிராசுதார் குடும்பத்தை அக்காலத்துத் தஞ்சை ஜில்லாவில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்திருக்கும்.

ஆனால் ஒன்றில் நான் வேறுபடுகிறேன். தமிழுக்கு வந்தபோது இந்தக் கதைகளில் ஒரு முக்கியமான மாற்றம் நடந்துவிட்டது. துப்பறியும் வேலை பெண்ணிடமிருந்து எடுக்கப்பட்டு, வெளியிலிருந்து வரும் ஓர் ஆண் துப்பறிவாளரிடம் கொடுக்கப்பட்டது. அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கதவைத் தட்டி உள்ளே வந்து, உண்மையைக் கண்டுபிடித்து, விடைபெற்றுப் போய்விடுகிறவர். காதிக் நாயகிக்கு அந்த வசதி இல்லை. இரவில் அவள் எந்த அறையைத் திறந்து பார்த்தாலும், விடிந்ததும் அதே வீட்டின் அடுக்களையில், அதே மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். துப்பறியும் கதைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நான் அந்தக் காலை உணவில் காண்கிறேன். நூலகத்தில் இந்த இரண்டு வகைகளையும் ஒரே அலமாரியில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

திருவாரூர் மேலவீதி

நான் இவ்வளவு ஆழமாக யோசித்ததில்லை. ஐப்பசி மழை மூன்று நாட்கள் விடாமல் பெய்து, வயலும் வாய்க்காலும் ஒன்றாகி, மின்சாரமும் போய்விட்ட இரவில், அகல் விளக்கின் ஒளியில் இந்த நாவல்களைப் படித்திருக்கிறேன். இங்கிலாந்தின் மூடுபனிச் சமவெளியை நான் கண்டதில்லை. ஆனால் தண்ணீர் சூழ்ந்து, வெளியேற வழியில்லாமல் ஒரு வீட்டுக்குள் இருப்பது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தனிமைக்காகவே படிக்கிறேன். கடைசி அத்தியாயத்தில் எல்லா அதிசயத்துக்கும் காரணம் சொல்லப்படும்போது எனக்குச் சிறிது ஏமாற்றமாகவே இருக்கிறது.

மாயூரத்து ஆய்வு மாணவி

நான் ஆங்கில இலக்கியத்தில் ஆய்வு செய்கிறேன். இந்த இழையில் எல்லோரும் இந்த நாவல்களை நேசிப்பவர்களாக இருப்பதால், நானும் நேசித்துக்கொண்டே ஒரு தடையை எழுப்ப விரும்புகிறேன்.

1960-களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இந்த வகை மீண்டும் பெருவாரியாக விற்றபோது, அட்டைப் படங்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் இருந்தன. இரவில் ஒரு பெண் மாளிகையை விட்டு ஓடுகிறாள். அவளுக்குப் பின்னால் மாளிகையின் ஒரே ஒரு சன்னலில் மட்டும் வெளிச்சம் தெரிகிறது. அட்டையில் ஓடுகிறவள், கதையின் முடிவில் திரும்பி வந்து அந்த வீட்டின் எஜமானியாகிவிடுகிறாள். ஜோன்னா ரஸ் என்ற எழுத்தாளர் 1973-இல் இந்த நாவல்களைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பையே தமிழில் சொன்னால், 'யாரோ என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள், அது என் கணவர்தான் என்று நினைக்கிறேன்' என்று வரும். அவளுடைய சந்தேகம் பெரும்பாலும் தவறென்று கதை நிரூபித்துவிடுகிறது. அச்சுறுத்தியவன் வேறொருவன், கடுகடுப்பான கணவன் உள்ளூர அன்பே உருவானவன். இப்படிப்பட்ட முடிவை நூறு நாவல்களில் படிக்கும் பெண், தன் வீட்டில் தனக்கு எழும் நியாயமான அச்சத்தைக்கூட நம்பாமற்போய்விடமாட்டாளா என்று நான் அஞ்சுகிறேன்.

1847-இல் வெளிவந்த 'ஜேன் அயர்' நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். நாயகி தன் சிற்றப்பனிடமிருந்து இருபதாயிரம் பவுண்டு சொத்தைப் பெற்று, அதைத் தன் உறவினர் மூவரோடு சமமாகப் பங்கிட்டுக்கொண்டு, சொந்தக் காலில் நிற்பவளாகத்தான் தான் நேசித்த மாளிகைக்காரர் ராச்செஸ்டரிடம் திரும்பிப் போகிறாள். அம்மாவின் கருத்துக்கு இதைவிட நல்ல சான்று இல்லை. ஆனால் அவருடைய மாளிகையின் மூன்றாம் மாடியில் அடைக்கப்பட்டிருந்த அவருடைய முதல் மனைவி முப்பதாயிரம் பவுண்டோடு மேற்கிந்தியத் தீவிலிருந்து வந்தவள். அந்தப் பணம் ராச்செஸ்டரின் குடும்பத்தை வந்தடைந்தது. அவளோ பூட்டிய அறையை அடைந்தாள். நாம் மாடியில் இருந்தவளை மறந்துவிட்டு, ஜேனின் மகிழ்ச்சிக்காகக் கண்ணீர் விடுகிறோம். வில்லன் மட்டும் கையெழுத்தை விரும்புவதில்லை, அம்மா. நாயகனும் ஏதோ ஒரு பெண்ணின் சொத்தின் மேல்தான் நிற்கிறான். அந்தக் கையெழுத்து கதை தொடங்குவதற்கு முன்பே வாங்கப்பட்டுவிட்டதால், நம் கண்ணில் படுவதில்லை.

ஆகவே நான் கேட்பதைத் தவறாக எண்ண வேண்டாம். உங்கள் சின்னப்பாட்டியின் விடுதலைப் பத்திரம் யாருக்கு ஆதரவாக எழுதப்பட்டது?

நாகைத் துறைமுகம்

அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் உரிமை அம்மாவுக்கே உரியது. நான் நம் மண்ணின் சரித்திரத்தைப் பற்றி ஒரு குறையைச் சொல்ல வந்தேன்.

இந்த வகை நாவலுக்குத் தேவையானவை நம் டெல்டாவின் வரலாற்றிலேயே குவிந்து கிடக்கும்போது, நம் சரித்திர நாவல்கள் பெரும்பாலும் போர்க்களத்தை நோக்கியே ஓடுகின்றன. 1673-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையை ஆண்ட சொக்கநாத நாயக்கர், தஞ்சை விஜயராகவ நாயக்கரிடம் பெண் கேட்டார்; தஞ்சை மறுத்தது; மதுரைப் படை வந்தது. தோல்வி உறுதியானபோது, அந்தப்புரப் பெண்கள் பகைவர் கையில் சிக்கக் கூடாதென்று அவர்கள் இருந்த பகுதியை வெடிமருந்தால் தகர்க்கச் செய்துவிட்டு, முதியவரான விஜயராகவர் தம் மகனோடு போரில் இறந்தார் என்பது வரலாறு. அந்தப் புகையிலிருந்து ஒரு செவிலி, செங்கமலதாஸ் என்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் நாகப்பட்டினத்துக்கு வந்து சேர்ந்தாள். ஒரு வணிகரின் வீட்டில் அந்தப் பிள்ளை மறைவாக வளர்ந்தான். அவனை அரியணையில் அமர்த்துவதற்காகப் பீஜப்பூரிலிருந்து அனுப்பப்பட்ட ஏகோஜி, சில காலத்தில் தாமே தஞ்சையை எடுத்துக்கொண்டார்; தஞ்சையின் மராட்டிய அரசு அப்படித்தான் தொடங்கியது.

தகர்க்கப்பட்ட அந்தப்புரம், மறைக்கப்பட்ட வாரிசு, பறிக்கப்பட்ட அரண்மனை. வால்போல் கற்பனை செய்தது இங்கே நடந்தே இருக்கிறது. இருந்தும் அந்தச் செவிலியைப் பற்றி நமக்குச் சொல்லப்படுவது அவள் ஓடிவந்தாள் என்ற ஒரு வரி மட்டுமே. நாகையில் எந்தத் தெருவில் அவள் இருந்தாள், அந்தப் பிள்ளை தன் தாயைப் பற்றிக் கேட்டபோது என்ன சொன்னாள், ஊராரிடம் தன்னை யாரென்று கூறிக்கொண்டாள் என்பதையெல்லாம் எழுதக்கூடிய ஒரு நாவலாசிரியருக்காக நான் பல ஆண்டுகளாகக் காத்திருக்கிறேன்.

அந்த மராட்டிய அரசின் முடிவும் இந்த வகைக்கே உரியது. 1855-இல் கடைசி மன்னர் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்ததும், கிழக்கிந்தியக் கம்பெனி அரசோடு அரண்மனையின் உடைமைகளையும் எடுத்துக்கொண்டது. அறைகளுக்கு முத்திரை வைக்கப்பட்டது. உள்ளே இருந்தவர்கள் மன்னரின் விதவைகள். மூத்த ராணி காமாட்சி பாய் வழக்குத் தொடுத்தார். 1859-இல், அக்காலத்து இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில், கம்பெனியின் செய்கை ஓர் அரசின் செய்கை என்பதால் எந்த நீதிமன்றமும் அதை விசாரிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. தனிச்சொத்து அவர்களிடம் திரும்பியது 1862-இல், உரிமையாக அல்ல, கருணையாக. 'வெள்ளுடைப் பெண்' தொடர் லண்டனில் வெளிவரத் தொடங்கியதும் அதே 1859-இல்தான். அந்த ஊரின் வாசகர்கள் ஒரு கற்பனைப் பெண்ணின் கையெழுத்துக்காக வாராவாரம் தவித்தார்கள் என்பதையும், தஞ்சையில் முத்திரையிட்ட கதவுகளுக்குள் ராணிகள் இருந்தார்கள் என்பதையும் நான் ஒருசேர நினைக்காமல் இருக்க முடியவில்லை.

குடமுருட்டிக்கரை வாசகி

மாயூரத்து மகளுக்கு: நீ கேட்டதில் தவறே இல்லை. பத்திரம் என் தாத்தாவுக்கு ஆதரவாக எழுதப்பட்டது. முதற்பதிவில் அதை நான் எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும். என் தந்தையின் படிப்பும், என் ஆசிரியப் பயிற்சியும், என் திருமணமும் அந்த நிலத்தின் நெல்லில்தான் நடந்தன. நீ மூன்றாம் மாடியைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு, இத்தனை ஆண்டுகளாக நான் என்னை ஜேனின் இடத்தில் வைத்தே இந்த நாவல்களைப் படித்து வந்திருக்கிறேன் என்பது புரிந்தது. பத்தாயத்துக்குப் பின்னால் இருந்த அறையைப் பார்க்கும் இடத்தில் நான் நின்றிருக்கவில்லை, கூடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஆயினும் முடிவுகளைப் பற்றி நீ சொன்னதை என்னால் முழுதும் ஏற்க முடியவில்லை. முடிவில் நாயகி சமாதானமாகிவிடுகிறாள் என்பது உண்மையே. ஆனால் வாசகியின் நினைவில் நிற்பது முடிவு அல்ல. 1938-இல் டாஃப்னே டு மோரியே எழுதிய 'ரெபெக்கா'வில், கதை சொல்லும் இளம் மனைவியின் பெயர் கடைசிவரை நமக்குத் தெரிவதில்லை. இறந்துபோன முதல் மனைவியின் பெயரோ புத்தகத்தின் தலைப்பாகவே இருக்கிறது. அந்தக் கணவன் மன்னிக்கப்படுகிறான் என்பதை நான் பாதி மறந்துவிட்டேன். பெயரில்லாத அந்தப் பெண், அந்தப் பெரிய வீட்டில் எந்த நாற்காலியில் உட்காரலாம் என்று தெரியாமல் நின்ற காட்சிகளை மறக்கவில்லை. நான் மருமகளாகப் போன முதல் ஆண்டு முழுவதும் புகுந்த வீட்டில் என்னை ஒருவரும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. முடிவு சட்டத்துக்காகவும் ஊருக்காகவும் எழுதப்படுகிறது என்றும், நடுவில் வரும் பக்கங்கள் நமக்காக எழுதப்படுகின்றன என்றும் நான் நம்புகிறேன்.

நாகை ஐயாவுக்கு: நம் சரித்திர நாவல்கள் போர்க்களத்தையே நோக்கி ஓடுகின்றன என்பது பெரும்பாலும் சரி. ஆனால் 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வ'னில் என் சின்னப்பாட்டி தேடிப் படித்தது போர் அல்ல. பழுவேட்டரையர் மாளிகையின் நிலவறைப் பாதைகளும், கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் கொல்லப்படும் இரவுமே அவருக்குப் பிடித்தவை. கொன்றவர் யார் என்பதைக் கல்கி ஐயமற உடைத்துச் சொல்லாமலே விட்டுவிட்டார். அந்தக் கொலைக்குக் கிடைத்திருக்கும் கல்வெட்டுச் சான்று, காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கோயிலில் இருக்கிறது. அது எதைப் பற்றிய கல்வெட்டு என்று நினைத்துப் பாருங்கள்: கரிகாலனைக் கொன்ற துரோகிகளான சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோருக்கும் அவர்களுடைய உறவினருக்கும் உரிய நிலத்தை அரசாணைப்படி விற்றது பற்றியது. சோழ நாட்டின் மிகப் பெரிய மர்மம் ஒரு நில ஆவணத்தின் வழியாகத்தான் நம்மை வந்து அடைந்திருக்கிறது. பூட்டிய அறைகளைப் பற்றிய உண்மையை, அவற்றில் இருந்தவர்கள் சொல்லி நாம் அறிவது அரிது. நிலம் கைமாறும்போது எவரோ எழுதி வைத்ததிலிருந்தே அறிகிறோம்.

ஓய்வு பெற்ற பத்திர எழுத்தர், பாபநாசம்

நான் நாவல் படிப்பவன் அல்லன். என் மகள் இந்த இழையைக் காட்டினாள். நாற்பது ஆண்டுகள் பத்திரம் எழுதியவன் என்ற முறையில் அம்மாவுக்குச் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

ரேகை இருப்பதனால் மட்டும் சந்தேகப்பட வேண்டியதில்லை. படித்தவரிடமும் பதிவின்போது பெருவிரல் ரேகை வாங்குவது உண்டு. ஆகவே ரேகை எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். முதல் தாளின் பின்புறத்தில், பதிவு அலுவலரின் குறிப்புக்கு அருகில் மட்டும் இருந்தால் அது வழக்கமானது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், எழுதிக் கொடுப்பவர் கையொப்பமிட வேண்டிய இடத்திலேயே ரேகை இருந்து, பக்கத்தில் 'இன்னார் கைநாட்டு' என்று வேறொருவர் எழுதியிருந்தால், அவருக்கு எழுதத் தெரியாது என்று வைத்துக்கொண்டே பத்திரம் தயாராகியிருக்கிறது.

இரண்டாவதாக, மாதத்தைப் பாருங்கள். 1937-ஆம் ஆண்டின் சட்டம் கூட்டுக்குடும்பத்தில் விதவைக்குக் கணவனின் பங்கில் ஆயுட்கால உரிமையையும், பாகம் பிரித்துக் கேட்கும் உரிமையையும் தந்தது. நம் மாகாணத்தில் 1947-இல் அது விவசாய நிலத்துக்கும் விரிந்தது. 1956 ஜூன் 17-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அப்படி விதவையின் வசம் இருந்த சொத்து அவருக்கே முழு உரிமையாகிவிட்டது. சட்டம் வரப்போகிறது என்பது முன்பே தெரிந்த செய்திதான். அந்த நாளுக்கு முந்தைய பத்திரமா, பிந்தையதா என்பது பெரிய வேறுபாடு.

மூன்றாவதாக, பதிவு எங்கே நடந்தது என்ற குறிப்பையும், அடையாளம் காட்டிய சாட்சிகள் யார் என்பதையும் படியுங்கள். வெளியே வராத பெண்களுக்காகப் பதிவு அலுவலர் வீட்டுக்கே வந்து பதிவு செய்ய 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் இடம் தருகிறது. அத்தகைய பெண்களிடம் எழுதி வாங்கிய பத்திரமென்றால், அவர் அதைப் புரிந்துகொண்டே எழுதிக் கொடுத்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு எழுதி வாங்கியவருடையது என்று பிரிவி கவுன்சில் காலத்திலிருந்தே நீதிமன்றங்கள் சொல்லி வந்திருக்கின்றன. இன்றைக்கு இதை வைத்து வழக்காட முடியாது. தெரிந்துகொள்ள முடியும்.

மாயூரத்து ஆய்வு மாணவி

ஐயா, நாவல் படிப்பதில்லை என்று சொல்லிவிட்டு, மெழுகுப் பொம்மை எது, உண்மையான காகிதம் எது என்று பிரித்தறியும் வழியைச் சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள். உடால்ஃபோவில் எமிலியால் செய்ய முடியாமற்போனது இதுதான்.

அம்மா, "நடுவில் வரும் பக்கங்கள் நமக்காக" என்று நீங்கள் எழுதியதை என் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தில் எதிர்வாதமாக எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கிறேன். முடிவுகளையே வைத்து இந்த நாவல்களை எடைபோட்டது என் அவசரம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் மாடியில் இருந்தவளுக்கு நடுப்பக்கங்களிலும் பேச இடம் தரப்படவில்லை என்பதை நான் விடமாட்டேன்.

குடமுருட்டிக்கரை வாசகி

தாராளமாக எடுத்துக்கொள், அம்மா. அதை நீ விடவும் கூடாது.

பாபநாசத்து ஐயாவுக்கு என் வணக்கம். நேற்று இரவு பத்திரத்தை எடுத்து, நீங்கள் சொன்ன வரிசையில் பார்த்தேன். ரேகை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், கையொப்பம் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது. பக்கத்தில் பத்திரம் எழுதியவரின் கையில், சின்னப்பாட்டியின் பெயருடன் 'கைநாட்டு' என்று எழுதப்பட்டிருக்கிறது. மாதம் மார்ச். பின்புறக் குறிப்பின்படி, பதிவு எங்கள் வீட்டிலேயே நடந்திருக்கிறது. அடையாளம் காட்டிய சாட்சிகள் இருவரில் ஒருவர் தாத்தாவிடம் கணக்கு எழுதியவர். மற்றவரின் கையெழுத்தை என்னால் படிக்க முடியவில்லை. கதவின் எந்தப் பக்கத்தில் சின்னப்பாட்டி இருந்தார் என்பதையோ, திரைக்கு வெளியே நீட்டப்பட்டது அவருடைய கைதானா என்பதையோ அந்தக் குறிப்பு சொல்லவில்லை.

பிறகு அவருடைய தொகுதிகளை இறக்கினேன். 'பொன்னியின் செல்வன்' ஐந்தாம் பாகத்தின் முதற்பக்கத்தில் நீல மையில் அவர் பெயர் இருக்கிறது. கடைசி எழுத்தின் வால் மற்றத் தொகுதிகளில் உள்ளதைவிட நீளமாக, பக்கத்தின் ஓரம் வரை இழுக்கப்பட்டிருக்கிறது. அதன் கீழே, அவர் கையாலேயே, ஏப்ரல் 1956.

வீட்டை விற்பது பற்றி என் தம்பிகள் இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பத்திரத்தின் படத்தையும் அந்த முதற்பக்கத்தின் படத்தையும் அருகருகே வைத்து இன்று காலை அவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.